மீனுக்குப் போட்ட தீனி எங்கே போகிறது?

ஒரு கிராம் உலர்தீனி என்பது விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைதான். 200 லீற்றர் கடல்நீர் கொண்ட வீட்டுத் தொட்டியில் நான்கைந்து சிறு மீன்களுக்கு ஒரு நாளைக்கு அது போதும். அதில் ஏறக்குறைய 45 வீதம் புரதம். புரதத்தின் எடையில் 16 வீதம் நைதரசன். ஆக அந்தச் சிட்டிகைக்குள் சுமார் 72 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. மீன் அதைத் தின்று, தன் உடம்புக்கு எடுத்தது போக மீதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியே விடுகிறது. கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தீனியிலிருந்த நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாகிவிட்டால் 320 மில்லிகிராம் வரும். ஒரு நாளில் ஒவ்வொரு லீற்றரிலும் 1.6 மில்லிகிராம். ஒரு மாதத்தில் 48.

நல்ல முருகைக்கல் பாறையைச் சுற்றியுள்ள கடல்நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. அப்படிப்பட்ட நீரில் வாழப் பழகிய உயிர்களை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து, நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டு, போட்டதை வெளியே எடுக்க வழி வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 48தான் விடை. மீன் தாங்கிக்கொள்ளும். முருகைக்கல் உயிரிகள் மெல்ல நிறம் மங்கிச் சுருங்கும். கண்ணாடியிலும் கல்லிலும் வழுவழுப்பான பாசி படரும்.

அந்தப் பாசியைப் பார்த்து எரிச்சல்படாதவர் குறைவு. ஆனால் அது தானாகவே வந்து தொட்டியின் கணக்கைச் சரிசெய்ய முயல்கிறது. எஞ்சிய நைதரசனையும் பொசுபரசையும் உறிஞ்சி உடம்பாக்கிக்கொள்கிறது. அதே வேலையை நாம் தேர்ந்தெடுத்த பாசியிடம், நாம் ஒதுக்கிய இடத்தில், கையால் அள்ளி எடுக்கக்கூடிய அளவுள்ள உருவத்தில் செய்விப்பதுதான் வீட்டுத் தொட்டியில் பேரல்கா, அதாவது பெரிய உருவமுள்ள பாசி, வளர்ப்பது. கடலிலிருந்து தொலைவில், மகாவலிக் கரையில், கட்டுகஸ்தோட்டை போன்ற ஒரு மலைநகரில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர் முருகைக்கல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கடற்பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடித்திருக்கும் அடிப்பகுதி வெறும் பிடிமானம்தான். உணவு முழுவதையும் உடம்பின் மேற்பரப்பு முழுவதாலும் நீரிலிருந்தே எடுக்கிறது. அதனால்தான் நீரோட்டம் அதற்கு ஒளியளவுக்கு முக்கியம். அசையாத நீரில், பாசியின் தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் உள்ள சத்து தீர்ந்துவிடும். சுற்றிலும் நைத்திரேற்று நிறைந்திருந்தாலும் பாசி பட்டினி கிடக்கும்.

தொட்டி வளர்ப்பவர்கள் பெரும்பாலும், மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியில் ஓர் அறையைப் பிரித்து, அதற்குத் தனி விளக்குப் போட்டு, சீட்டோமார்ஃபா என்ற பச்சை அல்காவை வளர்க்கிறார்கள். கடைக்காரர் வாயில் அது வெறும் ‘சீட்டோ’. கையில் எடுத்தால் சிக்குண்ட மீன்பிடி நரம்பைப் போல விறைப்பாக இருக்கும்; ஒவ்வோர் இழையும் வரிசையாகக் கோத்த கலங்களால் ஆனது, கிளையே இல்லை. எதிலும் ஒட்டிப் பிடிக்காது, நீரோட்டத்தில் பந்தாக உருளும். அதன் சிக்கலுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூற்றுக்கணக்கான சிறு இறால்வகை உயிர்கள் ஓடித் திரியும். அவற்றில் சில மேல்தொட்டிக்கு அடித்துச் செல்லப்பட்டு மீன்களுக்கு உயிருள்ள தீனியாகும்.

இங்கே மீண்டும் கணக்குக்கு வர வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். கடற்பாசியின் உலர் எடையில் இரண்டு மூன்று வீதம் நைதரசன் இருக்கும். பச்சையாக எடுத்த பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை, மீதி நீர். அப்படியானால் ஒரு கிராம் தீனியின் 72 மில்லிகிராம் நைதரசனை முழுவதும் பாசியாக மாற்ற, நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் பச்சைப் பாசி புதிதாக வளர வேண்டும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கல்லின் ஆழத்திலுள்ள ஒட்சிசன் இல்லாத நுண்துளைகளில் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி அனுப்பிவிடும், நீர் மாற்றும்போதும் கொஞ்சம் போகும், மீனும் வளரும். ஆகவே முழுச் சுமையும் பாசியின் தலையில் விழாது. ஆனாலும் ஒரு பிடி சீட்டோவை மூலையில் போட்டு மங்கிய விளக்கொன்றை மாட்டிவிட்டு, நீர் தெளியும் என்று காத்திருப்பது வீண். பலமான ஒளி வேண்டும், வளர்ச்சி வேண்டும், முக்கியமாக வளர்ந்ததை வெட்டி வெளியே எடுக்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே விட்டு அழுகவிட்டால் உறிஞ்சிய சத்து முழுவதும் திரும்ப நீருக்கே வந்துவிடும்.

பொசுபரசின் கதை வேறு. மிதக்கும் நுண்ணல்காக்களின் உடலில் பொசுபரசு அணு ஒன்றுக்கு நைதரசன் அணுக்கள் 16 என்பது ரெட்ஃபீல்ட் கண்ட விகிதம். அதைக் கடலியல் படித்த எவரும் அறிவர். ஆனால் கல்லில் வளரும் பேரல்காக்கள் அப்படி இல்லை என்பதை 1983இல் அட்கின்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றில் பொசுபரசு ஒன்றுக்கு நைதரசன் ஏறத்தாழ 30. காபன் 550. அதாவது பேரல்கா பொசுபரசை மிகச் சிக்கனமாகச் செலவிடும் உயிர். நம் மீன்தீனியிலோ பொசுபரசு தாராளமாக இருக்கிறது; கிராமுக்குச் சுமார் பத்து மில்லிகிராம். பாசி 72 மில்லிகிராம் நைதரசனையும் விழுங்கி முடிக்கும்போது அந்தப் பத்தில் ஐந்தைத்தான் எடுத்திருக்கும். மீதி ஐந்து நீரிலேயே நிற்கும். நைத்திரேற்று பூச்சியம், பொசுபேற்று ஏறுமுகம், சீட்டோ வெளிறி வளர்ச்சி நின்றுவிட்டது என்று பலரும் குழம்பும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. பாசி நோயுற்றதாக நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். உண்மையில் அதற்குப் பசி. பொசுபேற்றை இரும்பு ஒட்சைட்டு மணிகளால் தனியே இறக்குவது, அல்லது கொஞ்சம் நைத்திரேற்றை நாமே சேர்ப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி. கழிவை அகற்றத் தொடங்கியவர் கழிவை ஊற்ற வேண்டிவருவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். அணுக்களின் கணக்கைப் பார்த்த பிறகு விசித்திரம் இல்லை.

விளக்கை எப்போது ஏற்றுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேல்தொட்டியில் விளக்கு அணைந்ததும் ஒளித்தொகுப்பு நிற்கிறது, எல்லா உயிர்களும் சுவாசித்துக் காபனீரொட்சைட்டைச் சேர்க்கின்றன, நீரின் பி.எச். பெறுமானம் இறங்குகிறது. பகலில் 8.3 வரை இருந்தது விடியும்போது 7.9க்கு வந்துவிடலாம். பாசி அறைக்கு மட்டும் இரவில் விளக்கைப் போட்டால் அந்தப் பாசி காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு ஒட்சிசனை விடும், இறக்கம் குறையும். எதிர் நேரத்தில் ஒளியூட்டும் இந்தப் பழக்கத்துக்கும் பாசியால் நீரைத் தூய்மையாக்கும் எண்ணத்துக்கும் உரமிட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வோல்டர் ஏடி. இயந்திர வடிகட்டிகளை நம்பாமல், ஒளிபடும் தட்டில் பாசியை வளர்த்துச் சுரண்டி எடுத்தே முருகைக்கல் தொட்டிகளை நடத்தலாம் என்று அவர் காட்டினார். அவருக்கும் முன்பே, 1961இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டுமே வைத்துக் கடல் உயிர்களை வளர்க்கும் தம் முறையை எழுதியிருந்தார். இந்தக் கலையின் வேர்களில் ஒன்று நம் பக்கத்து வெப்பக் கடலில் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டையின் காலநிலை இதற்கு எதிரி அல்ல, நண்பன். இங்குள்ள வானிலை நிலையத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. முருகைக்கல் உயிரிகள் விரும்பும் 24 முதல் 27 வரையான எல்லைக்கு வெகு அருகில். கொழும்பில் கடல் பக்கத்தில் இருந்தும், நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமல் தொட்டியைக் காப்பாற்றுவது கடினம். இங்கே மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் மட்டும் ஒரு சிறு விசிறி நீர்ப்பரப்பில் வீசினால் பல தொட்டிகளுக்குப் போதும். தைமாதத்து இரவுகளில் சூடாக்கிதான் தேவைப்படும். பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. கிழக்கு முகமாக ஜன்னல் உள்ளவர் பாசித் தொட்டிக்குக் காலை வெயிலைக்கூடப் பயன்படுத்தலாம்.

குழாய்நீரை மட்டும் நம்பக் கூடாது. மகாவலி நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டுகஸ்தோட்டையிலேயே இருக்கிறது. குடிக்க நல்ல நீர்தான். ஆனால் அதில் குளோரீன் உண்டு, கரைந்த சிலிக்கேற்றும் பிற உப்புகளும் உண்டு. கடல் உப்பைக் கரைப்பதற்கும் ஆவியாகும் நீரை ஈடுசெய்வதற்கும் மென்சவ்வு வடிகட்டியில் தூய்மையாக்கிய நீரே ஏற்றது. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு அல்ல என்பதால் குறைவதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் நிற்கட்டும்.

மின்வெட்டு இன்னொரு விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. நிறையப் பாசி உள்ள தொட்டி இருளில் ஒட்சிசனைத் தருவதில்லை, எடுக்கிறது. மோட்டரும் நின்றுவிட்டால் முதலில் திணறுவது மீன். பற்றரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்ப் விலையில் சிறியது, மலைநாட்டில் கடல் வைத்திருப்பவர் வீட்டில் அவசியம் இருக்க வேண்டியது.

சீட்டோ உழைப்பாளி, அழகுக்கு வேறு வகைகள் இருக்கின்றன. கஞ்சிப்பாசி என்று மன்னார் வளைகுடாவின் மறுகரையில் சொல்லும் கிராசிலேரியா சிவப்பு அல்கா இனம். ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில் ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து கப்பலேறியதும் அதுதான். நோன்பு காலத்தில் அக்குறணை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்து உறையவைக்கும் கடல்பாசிக்கு உறைவைத் தரும் அகர், இத்தகைய சிவப்பு அல்காக்களின் கலச்சுவரிலிருந்துதான் வருகிறது. தொட்டியில் கிராசிலேரியாவை விட்டால் ஒரா மீன் விட்டுவைக்காது; ஆகவே தனி அறையில் வளர்த்து, மீனுக்குக் கிள்ளிப் போடுவது வழக்கம்.

ஹலிமேடாவை இரவில் பார்க்க வேண்டும். நாணயங்களைக் கோத்தது போன்ற பச்சைத் தகடுகளின் சங்கிலி அது. விளக்கணைந்த பின் டோர்ச் ஒளியில் நுனியைப் பார்த்தால், முந்தைய பகலில் இல்லாத ஒரு புதுத் தகடு, பால் வெள்ளையாக, மெத்தென்று நிற்கும். விடிவதற்கு முன் பழைய தகடுகளிலிருந்து பச்சையவுருமணிகள் கூட்டமாக அதற்குள் நகர்ந்து வருகின்றன. காலையில் அது பச்சை. மென்மையான இளம் பகுதியை, தாவர உண்ணி மீன்கள் உறங்கும் நேரத்தில் வளர்த்துவிடுகிறது இந்த உயிர். பிறகு கல்சியம் காபனேற்றைப் படியவைத்து இறுகுகிறது. கல்சியத்துக்காக முருகைக்கல்லோடு போட்டியும் போடும். ஆகவே ஹலிமேடா உள்ள தொட்டியில் கல்சியத்தையும் காரத்தன்மையையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கௌலேர்பா இவற்றில் மிக வியப்பானது, மிக ஆபத்தானதும்கூட. தண்டு, இறகு போன்ற இலை, வேர் போன்ற பிடிமானம் எல்லாம் இருக்கும். ஒரு மீற்றருக்கு மேலும் ஓடும். ஆனால் முழுவதும் ஒரே கலம். குறுக்குச் சுவர் இல்லாத ஒற்றைக் குழாய்க்குள் எண்ணற்ற கருக்கள் மிதக்கின்றன. ஒரு துண்டு அறுந்தால் காயம் உடனே அடைபட்டு அது தனியாக வளரும். இனப்பெருக்க வேளை வந்தால் மொத்தக் கலப்பொருளும் புணரிகளாக மாறி நீரில் கொட்டிவிடும். நேற்றுப் பச்சையாக இருந்தது இன்று கண்ணாடித் தாள் போல வெளிறி, தொட்டி நீர் பச்சைக் கலங்கலாக நிற்கும். உறிஞ்சி வைத்திருந்த சத்து முழுவதும் ஒரே காலையில் திரும்பிவிட்டது என்று பொருள். வளர்ப்பவர்கள் விளக்கை அணைக்காமல் இருந்தோ அடிக்கடி வெட்டியோ இதைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள்.

இலங்கைக் கௌலேர்பாக்களைப் பற்றி உலகம் நூறாண்டுக்கு முன்பே படித்தது. சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் ஸ்வெடேலியஸ் இங்கு வந்து அவற்றை ஆராய்ந்து, அவற்றின் உருவத்துக்கும் வாழிடத்துக்கும் உள்ள உறவை விரிவாக எழுதிய நூல் 1906இல் வெளிவந்தது. அதற்கும் முன் 1853இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் ஹார்வி நம் கரைகளில் கடற்பாசி சேகரித்தார். அல்காக்களைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறத்தால் பிரித்தவர் அவரே. அந்த ஆண்டுகளில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வெய்ட்ஸும் அடிப்படையில் அல்கா அறிஞர். டயற்றங்கள் என்னும் நுண்ணல்காக்கள் இணைந்து இனம்பெருக்குவதை அவர் கண்டறிந்தது இங்கே வருவதற்கு முன். பிறகு 1961இல் இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக எம். துரைரத்தினம் நம் கடல் அல்காக்களைப் பற்றி எழுதிய நூல் வந்தது. நம் கடற்பாசியை நாமே பெயர் சொல்லி அடையாளம் காண அடித்தளம் போட்ட அந்த உழைப்பைப் பற்றித் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

ஆபத்து என்றேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விலங்குப் பூங்காத் தொட்டிகளில் வளர்ந்த, குளிரைத் தாங்கும் ஒரு வகைக் கௌலேர்பா டாக்சிஃபோலியா, பல காட்சியகங்களுக்குப் பரிமாறப்பட்டு மொனாக்கோவுக்கும் வந்தது. 1984இல் அங்குள்ள கடலியல் அருங்காட்சியகத்தின் சுவருக்குக் கீழே, கடலில், ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் திட்டாக அது காணப்பட்டது. அலெக்ஸாந்தர் மைனேஸ் என்ற பேராசிரியர் எச்சரித்தும் உரிய நேரத்தில் யாரும் அகற்றவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயருக்குப் பரவியது. 2000இல் அதே வகை கலிபோர்னியாவின் ஒரு கடல்வாவியில் தலைகாட்டியபோது, அங்கே தார்பாய் மூடி உள்ளே குளோரீன் செலுத்திக் கொன்றார்கள். முற்றாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது, செலவு 70 லட்சம் டொலர் அளவு. எங்கோ ஒரு தொட்டியைக் கழுவி ஊற்றியதன் விலை. நமக்கு இன்னும் அருகில், தமிழ்நாட்டின் மண்டபம் கரையில் வாழ்வாதாரத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள முருகைக்கல்மீது படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதே இனம் இன்று நம் வடக்குக் கரையிலும் வளர்க்கப்படுகிறது.

மலைநகரில் இருப்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கடற்பாசி மகாவலியின் நன்னீரில் பிழைக்காது, உண்மை. ஆனால் தொட்டி வைத்திருப்பவர் திருகோணமலைக்கும் போவார், போகும்போது வேண்டாததைக் கடலிலேயே விட்டுவிடுவோமே என்று அன்போடு நினைப்பார். அந்த அன்பு கூடாது. வெட்டிய பாசியை வெயிலில் நன்றாக உலர்த்திக் கொன்று, உப்புப் போகக் கழுவிக் கூட்டெருவில் சேர்க்கலாம். கழுவிய நீரும் பழைய தொட்டி நீரும் கழிவுநீர்க் குழாய்க்குப் போகட்டும், ஓடைக்கு வேண்டாம்.

ஏனெனில் நம் ஓடைகள் ஏற்கெனவே நிறையச் சுமக்கின்றன. அக்குறணை வழியாக வரும் பிங்கா ஓயா, ஊர்க் கழிவோடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் சேர்கிறது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணை ஒரு பகுதி நீரைச் சுரங்கம் வழியே வடக்கே திருப்புகிறது. மீதி சுற்றி வளைந்து கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. சத்து மிகுந்தால் பாசி என்ன செய்யும் என்பதைக் கண்டி வாவியே 1990களின் கடைசியில் காட்டியது: மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நச்சுத்தன்மை கொண்ட நீலப்பச்சை நுண்ணுயிர் நீர்ப்பரப்பை மூடிப் பூத்தது. கடலிலும் அதே விதிதான். 1998இன் பெருவெப்பத்தில் முருகைக்கற்கள் வெளுத்து மடிந்த பின் ஹிக்கடுவையில் இடத்தைப் பிடித்தவற்றில் ஹலிமேடாவும் ஒன்று. தொட்டியில் தனி அறையில் நின்று முருகைக்கல்லைக் காப்பாற்றும் அதே உயிர், அறையும் எல்லையும் இல்லாத இடத்தில் அதன் மேலேயே ஏறி நிற்கிறது. பாசியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நீரில் என்ன கலக்கிறோம் என்பதையே அது வளர்ந்து காட்டுகிறது.

இலங்கையில் கடின முருகைக்கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனாலும் முதல் கடல்நீர்த் தொட்டியைப் பாசித் தொட்டியாகவே வைக்கும்படி பள்ளி ஆசிரியர்களிடம் நான் சொல்வேன். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உல்வா, சர்காசம், ஜெலிடியம் என்று மூன்று பேரல்காக்களின் படத்தை வரைந்து பெயரிட்டுப் புள்ளி வாங்குகிறார்கள். மலைநாட்டில் பெரும்பாலானோர் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. 60 லீற்றர் தொட்டி, ஒரு எல்.ஈ.டி. விளக்கு, நைத்திரேற்றும் பொசுபேற்றும் அளக்கும் சோதனைப் பெட்டி, வாரம் ஒருமுறை பாசியை நிறுக்க ஒரு தராசு. போட்ட தீனியையும் வெட்டிய பாசியையும் கொப்பியில் எழுதி வந்தால், ஒரு தவணை முடிவதற்குள் நைதரசன் வட்டத்தை அந்த வகுப்பு தானே அளந்து வரைந்துவிடும்.